இருபத்துமூன்று கிலோ பிடியரிசி

துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்த மாடிக் கட்டடத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் திருகோணமலையில் இன்னும் பிறக்கவில்லை. உலக அரிசிச் சந்தை அவதானிப்பு, உள்நாட்டு விலை உறுதிப்பாடு மற்றும் நுகர்வோர் மனநிறைவு அதிகார சபை, கிழக்குப் பிராந்தியக் காரியாலயம். சனங்களுக்கு வேறு வேலை இருந்ததால் விலைக் கந்தோர் என்று சொன்னார்கள்.

விலைக் கந்தோரின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலை பத்து மணிக்கு மணி அடிக்கும். உத்தியோகத்தர்கள் கதிரையை விட்டு எழுந்து நிற்பார்கள். ஒருவர் சோக்கட்டியோடு போய் பாங்கொக் விலை, ஹனோய் விலை, கராச்சி விலை என்று, டொன் ஒன்றுக்கு இத்தனை டொலர் என எழுதுவார். எழுதி முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள். அன்றைய அவதானிப்பு அத்தோடு சரி.

பலகையில் விலை ஏறினால் அந்தச் செய்தி கிண்ணியா பஸ் வெளிக்கிட முன்னரே கிண்ணியாக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இறங்கினால் மட்டும் வராது. கேட்டால், இறக்கம் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்பார்கள். சுஹைராவுக்குத் தெரிய மூன்று இறக்கங்கள் கப்பல் ஏறின. ஒன்றுகூடக் கரை சேரவில்லை.

சுஹைரா கிண்ணியாவில் இடியப்பம் அவித்து விற்பவள். அவளுடைய ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், முப்பது வீடுகள். சோறாக்க அரிசி அளக்கும்போது ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் அதில் ஒரு பிடியை எடுத்து ஒரு பழைய பால்மாத் தகரப் பேணியில் போட்டுவைப்பாள். வீட்டில் மொத்தமே இரண்டு சுண்டு அரிசிதான் என்றாலும் அந்தப் பிடி தவறாது. மாதக் கடைசி வியாழன் முப்பது பேணியும் சுஹைரா வீட்டுச் சாக்கில் கொட்டப்படும். ஒழுங்கையில் எந்த வீட்டில் அடுப்பெரியவில்லையோ அந்த வீட்டுக்கு அது போகும். இதற்குத் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, ரப்பர் முத்திரை இல்லை. அதனாலோ என்னவோ ஒரு மாதமும் பிசகியதில்லை.

இந்த மாதம் அது அடுத்த வீட்டுப் பஸ்மியாவுக்கு. பஸ்மியாவின் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை பார்த்தவன். கப்பலில் வந்த அரிசி மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். காலமெல்லாம் அரிசி சுமந்தவன் வீட்டில் அரிசி வைத்துவிட்டுப் போகவில்லை. புருஷனை இழந்தவள் என்பதால் பஸ்மியா இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் அவள் வீட்டை விட்டு இறங்க ஏலாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படவும் ஏலாது. மூன்று பெண் பிள்ளைகள், மூத்தவள் அம்ராவுக்குப் பதினொரு வயது. சாக்கில் இருந்தது இருபத்துமூன்று கிலோ. நாலு வயிறும் அந்த மாதத்தை ஓட்டவேண்டியது அதில்தான்.

அந்தக் கிழமை பார்த்து எங்கேயோ ஒரு பெரிய நாடு, இனி வெளியே அரிசி விற்கமாட்டேன் என்று அறிவித்தது. பலகையில் விலை துள்ளிக் குதித்தது. தலைமைக் காரியாலயத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. விலையேற்றத்துக்குக் காரணம் பதுக்கல்காரர்கள். அடுத்த மாத முடிவுக்குள் ஒவ்வொரு பிராந்தியமும் குறைந்தது மூன்று பேரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிராந்தியப் பணிப்பாளர் பிரகலாதன் கடமையில் கண்ணானவர். கந்தளாய் வீதியில் ஒரு பெரிய அரிசி ஆலையின் களஞ்சியத்தில் நாலாயிரம் டொன் அரிசி, விலை இன்னும் ஏறட்டும் என்று பூட்டிக் கிடப்பது அவருக்குத் தெரியும். ஆலை முதலாளி கந்தோரின் ஆலோசனைச் சபையில் இருந்தார். முறைப்படி விசாரித்ததில் அது பதுக்கல் அல்ல, மூலோபாயக் கையிருப்பு என்று தெரிய வந்தது. தெரியப்படுத்தியவரும் முதலாளிதான்.

ஆகவே வெளிக்கள உத்தியோகத்தர் நிப்றாஸ் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு கிண்ணியாவுக்கு வந்தான். சுஹைராவின் குசினியில் சாக்கைக் கண்டான்.

"இது என்ன ராத்தா?"

"பிடியரிசி தம்பி. உனக்குத் தெரியாதா? மூதூரில உன்ட உம்மாவும் எடுத்து வைக்கிறவதானே."

நிப்றாஸ் சாக்கின் வாயை விரித்துப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தான். "அது வீட்டில, ராத்தா. நான் இப்ப கடமையில நிக்கிறன். இந்த அரிசி உங்கடதா?"

"இல்ல. முப்பது வீட்டார்ட."

"விக்கிறதுக்கா?"

"இல்ல."

"நீங்க சாப்பிடவா?"

"அல்லாவே, இல்ல தம்பி. இது பஸ்மியாட புள்ளையளுக்கு."

அவன் எழுதினான். சொந்தமில்லாத அரிசி. விற்கும் நோக்கம் இல்லை. உண்ணும் நோக்கமும் இல்லை. இதைவிடச் சுத்தமான பதுக்கலை அவன் தன் உத்தியோகத்தில் கண்டதில்லை. சாக்கு மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் ஏறியது. போகும்போது கதவில் ஓர் அறிவித்தலையும் ஒட்டினான். பிறருடைய அரிசியைச் சாக்கிலோ, பேணியிலோ, பெட்டியிலோ உரிமமின்றிச் சேர்த்து வைத்தல் தண்டனைக்குரியது.

அடுத்த நாள் சுஹைரா இடியப்பத் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு பஸ் ஏறி விலைக் கந்தோருக்குப் போனாள். பத்து மணி அடித்தபோது அவளையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றாள். கராச்சியில் ஆறு டொலர் கூடியது.

பணிப்பாளர் அவளை மரியாதையாகவே வரவேற்றார். "அம்மா, சிக்கல் எங்களுக்கு உங்களில் இல்லை, அரிசியில்தான். உங்கள் சாக்கில் நாடு அரிசி இருக்கிறது, சம்பா இருக்கிறது, சிவப்புப் பச்சையரிசி இருக்கிறது, கப்பலில் வந்த வெள்ளை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அரச வர்த்தமானியில் விலை உண்டு. எல்லாம் கலந்ததற்கு விலை இல்லை. பாங்கொக்கில் கேட்டோம். உலகச் சந்தையில் இப்படியோர் அரிசியே இல்லையாம். இல்லாத அரிசியை உங்களிடம் எப்படித் திருப்பித் தருவது?"

"சேர், ஆக்கினாச் சோறாகும்."

"அது சமையல் பார்வை. நான் கொள்கைப் பார்வையில் பேசுகிறேன்."

அரிசியை முதலில் வகை பிரிக்கவேண்டும் என்று தீர்மானமாயிற்று. அதற்கு மூன்று பட்டதாரிகளை ஒப்பந்த அடிப்படையில் நியமித்தார்கள். அவர்கள் வெள்ளைக் கையுறை போட்டு, பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வோர் அரிசியாக எடுத்து ஒன்பது கிண்ணங்களில் போட்டார்கள். எட்டு வேலை நாள் போனது. அந்த எட்டு நாளும் பஸ்மியா வீட்டில் காலையில் சுஹைராவின் இடியப்பம், பகலில் மரவள்ளிக் கிழங்கு, இரவில் பகல் மிஞ்சிய கிழங்கு. மா விலையும் ஏறிவிட்டதால் சுஹைராவின் இடியப்பமும் சிறுத்துக்கொண்டே போனது.

ஒன்பதாம் நாள் கந்தோரிலிருந்து அழைப்பு வந்தது. பணிப்பாளரின் முகம் கறுத்திருந்தது.

"நீங்கள் இதை எங்களிடம் சொல்லவில்லை, அம்மா. இந்தச் சாக்கில் நூற்றுக்குப் பதினாறு பங்கு கடல் கடந்து வந்திருக்கிறது. மூன்று நாடுகளின் அரிசி. இறக்குமதி உரிமம் எங்கே?"

"நான் இறக்குமதி செய்யல்ல சேர். எங்கட ஒழுங்கையில ஸல்ஹா ஒரு கிலோ கடையில வாங்கினவ. றுமானா அரைக் கிலோ வாங்கினவ. அதில பிடி போட்டவங்க."

"வந்து சேர்ந்த கப்பல் எது?"

"கப்பல் இல்ல சேர். பேணி."

பணிப்பாளர் அதையும் எழுதச் சொன்னார். கப்பலின் பெயர்: பேணி. அது எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டது என்ற கட்டம் வெறுமையாக இருந்ததால் விசாரணைக் கோவை சுங்கத்துக்குப் போய், சுங்கத்திலிருந்து துறைமுகத்துக்குப் போய், அப்படி ஒரு கப்பல் இந்த வருடம் உள்ளே வரவில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. வராத கப்பலில் வந்த அரிசி என்றால் அது கடத்தல். இப்போது விசாரணைக்குப் பதினொரு திணைக்களங்கள் தேவைப்பட்டன.

இதற்கிடையில் நிப்றாஸ் ஒரு படிவம் கொண்டுவந்து கொடுத்தான். உண்மையான பயனாளி ஒருவர் இருந்தால் அரிசியை மனிதாபிமான அடிப்படையில் விடுவிக்கலாமாம். பயனாளி நேரில் தோன்றிக் கையொப்பமிட வேண்டும். சுஹைரா படிவத்தைத் திருப்பி நீட்டினாள்.

"தம்பி, பஸ்மியா இத்தாவில இருக்கா. உனக்கு நான் சொல்லித் தரோணுமா? இன்னும் எழுபது நாள் கிடக்கு."

நிப்றாஸ் தரையைப் பார்த்தபடி, பணிப்பாளர் சொல்லிவிட்ட பதிலை ஒப்புவித்தான். "அப்ப எழுபது நாளைக்குப் பிறகு பசிக்கு விண்ணப்பிக்கலாமாம், ராத்தா."

பதினெட்டாம் நாள் அம்ரா பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்றபடியே மயங்கி விழுந்தாள். டீச்சர் முகத்தில் தண்ணீர் தெளித்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு, தங்கச்சிமார் சாப்பிட்டவங்க என்று சொன்னாளாம். சுஹைரா இதைக் கேள்விப்பட்டபோது மா பிசைந்துகொண்டிருந்தாள். போட்டிருந்த அபாயாவோடு, கை கால் மாவைக்கூடக் கழுவாமல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கந்தோரில் பதினொரு திணைக்களங்களும் வட்ட மேசையில் கூடியிருந்தன. நடுவில் அவளுடைய சாக்கு. சுஹைரா கதவைத் தட்டவில்லை.

"சேர், அந்தப் புள்ள பசியில விழுந்துட்டு. அதுட வாப்பா உங்கட கப்பல் அரிசியச் சுமந்து செத்தவர். அதுக்கு முப்பது பொம்பிளையள் தங்கட சோத்தில கிள்ளி வெச்ச அரிசி இது. உங்கட உலகமும் வேணாம், சந்தையும் வேணாம். என்ட சாக்கத் தாங்க!"

பணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்கள் கோபம் எங்களுக்கு விளங்குகிறது. கோபத்துக்கென்றே கீழ் மாடியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். ஆனால் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் இறக்குமதி செய்யும் நாடு. அரிசியின் விலையை உலகம் தீர்மானிக்கிறது. அப்படியிருக்க, அரிசி இன்ன வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஓர் ஒழுங்கை தீர்மானிக்கப் புறப்பட்டால் இந்தக் கந்தோர் எதற்கு? சந்தை ஒன்று இருக்கிறது என்று சனங்கள் நம்பவேண்டும். பத்துப் பேர் இப்படிச் சும்மா அரிசி கொடுக்கத் தொடங்கினால் அந்த நம்பிக்கை என்னாவது? முதலீட்டாளர் என்ன நினைப்பார்?"

ஆலை முதலாளி ஆலோசனைச் சபையின் சார்பில் வந்திருந்தார். அவர் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

"அதோடு உங்களுக்கொரு நல்ல செய்தி," என்றார் பணிப்பாளர். "இன்று ஹனோயில் பன்னிரண்டு டொலர் இறங்கியிருக்கிறது. பிள்ளையிடம் சொல்லுங்கள்."

"இறங்கினது எப்ப கடைக்கு வரும்?"

"ஏற்கெனவே கூடின விலைக்கு வாங்கியது முடியவேண்டும். முதலாளிமாரும் மனிதர்கள்தானே."

"அப்ப ஏறேக்க மட்டும், குறைஞ்ச விலைக்கு வாங்கினது முடியுமட்டும் ஏன் நிக்கிறதில்ல?"

அந்த அறையில் அப்படியொரு கேள்வி அதுவரை கேட்கப்பட்டதில்லை. பணிப்பாளர் அதைக் கீழ் மாடிப் பெட்டியில் போடச் சொன்னார். பிறகு, பரிசோதனை முடிந்ததும் சாக்கு எப்படியும் விடுவிக்கப்படும் என்று வாக்குறுதி கொடுத்தார். சட்டப்படி ஒவ்வொரு திணைக்களமும் மாதிரியாக ஒரு பிடி அரிசி மாத்திரமே எடுக்கலாம் என்றும் ஆறுதல் சொன்னார். சுஹைரா கணக்குப் போட்டாள். பதினொரு பிடி. போனால் போகட்டும், அரைக் கிலோவோடு சனியன் தொலையட்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இருபத்தெட்டாம் நாள் கந்தோரில் சாக்கு விடுவிக்கப்பட்டது. பட்டு நாடா கட்டி, அரக்கு முத்திரை வைத்து, தட்டில் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார்கள். சாக்கை வாங்கியபோது அவள் கை தானாக மேலே போனது. அதில் பாரமே இல்லை. நாடாவை அவிழ்த்து உதறினாள். இரண்டு மூன்று குருணலும் ஒரு பூச்சியும் மேசையில் விழுந்தன. கூடவே ஒரு கடிதம். பொருள் எவ்விதக் குற்றமும் அற்றது என்றும், மனித நுகர்வுக்கு மிக உகந்தது என்றும், பதினொரு திணைக்களங்களும் ஒரு மனதாக உறுதிப்படுத்தியிருந்தன.

நடந்தது இதுதான். ஒரு பிடி என்பதற்குச் சட்டத்தில் வரைவிலக்கணம் இல்லை. ஆகவே அவரவர் தங்கள் கொள்ளளவுக்கு ஏற்ப எடுத்திருந்தார்கள். அளவைகள் திணைக்களம் இரண்டு கையாலும் அள்ளியது. சுங்கம் சாப்பாட்டுப் பெட்டியில் எடுத்தது. துறைமுகத்திலிருந்து வந்தவர் தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் பிடித்தார். முடிவில் ஐயம் வந்த திணைக்களங்கள் இரண்டாம் மாதிரியும் கேட்டன. கடைசி மாதிரியை, மனித நுகர்வுக்கு உகந்ததா என்று தீர்க்கமாக அறியும் பொருட்டு, பணிப்பாளரே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துப் பார்த்திருந்தார்.

சுஹைரா அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. வெறுஞ்சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பட்டணத்தைத் தாண்டும்வரை ஒன்றும் யோசிக்கவில்லை. கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியபோது அவளுக்குக் கதவில் ஒட்டிய அறிவித்தல் நினைவுக்கு வந்தது. சாக்கு. பேணி. பெட்டி. சேர்த்து வைத்தல். நாய்க்குப் பிறந்தவனுகள், என்று சத்தமாகவே சொன்னாள். பக்கத்திலிருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார்.

அன்று பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு சுஹைராவின் முற்றத்தில் மூன்று கல் வைத்து, கலியாண வீட்டுப் பெரிய பானை ஏறியது. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஒழுங்கையிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தியிடமும் பேணி இல்லை, பை இல்லை. வீட்டிலேயே கழுவிய அரிசியை மூடிய கைக்குள் வைத்திருந்தார்கள்; விரலிடுக்கால் தண்ணீர் சொட்டியது. பிடியும் வழமையான பிடியல்ல. இரண்டு கையையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு வந்தவர்கள்தான் அதிகம். பஸ்மியாவைத் தவிர்ந்த இருபத்தொன்பது பேரும் பானையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். சுஹைரா சத்தமாகப் பிஸ்மி சொன்னாள். இருபத்தொன்பது சோடிக் கைகளும் ஒரே நேரத்தில் திறந்தன.

ஒருவரும் ஒரு கணமேனும் அரிசியைச் சேர்த்து வைக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பஸ்மியாவின் பிள்ளைகள் மூவரும் தட்டுகளைக் கழுவி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சோறு முக்கால் பதம் வெந்திருக்கும்போது விலைக் கந்தோரின் வாகனம் வந்து நின்றது. பணிப்பாளரே இறங்கினார், பின்னால் கோவையோடு நிப்றாஸ். மாதம் முடிகிறது, சாக்கு பெற்றுக்கொண்டதாகச் சுஹைரா கையொப்பம் வைத்தால்தான் பிடிபட்ட பதுக்கல் ஒன்று என்று மேலிடத்துக்கு எழுதலாம். முற்றத்துக் கூட்டத்தையும் பானையையும் கண்டதும் பணிப்பாளரின் முகம் மாறியது.

"இது என்ன?"

"சோறு," என்றாள் சுஹைரா.

"யாருடைய அரிசி?"

"அரிசி இல்ல சேர். சோறு. சோத்துக்கு உங்கட பலகையில விலை இருக்கா?"

நிப்றாஸ் அவசரமாகக் கோவையைப் புரட்டினான். சுற்றறிக்கையில் சோறு என்ற சொல்லே இல்லை. நாலு வருடத்துச் சுற்றறிக்கைகளிலும் இல்லை. அந்தக் கந்தோர் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

பணிப்பாளர் பானையருகே வந்தார். குனிந்து பார்த்தார். வெள்ளையும் சிவப்பும் சம்பாவும் நாடும் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தன. "கலப்பு," என்று முணுமுணுத்தார். பிறகு, இருபத்தெட்டு நாள் பழக்கம், அவருடைய வலது கை தன்பாட்டில் மாதிரி எடுக்கப் பானைக்குள் போனது.

அவர் போட்ட சத்தம் மூன்று ஒழுங்கைக்குக் கேட்டது. சுஹைரா அவரை விடவில்லை. மணிக்கட்டில் எட்டிப் பிடித்து, பானைக்கு நேரே அந்தக் கையை வைத்து, சிவந்துபோன விரல்களில் ஒட்டியிருந்த சோற்றை ஒவ்வொன்றாக வழித்து ஒரு தட்டில் போட்டாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரல் இடுக்கில் ஒரு பருக்கை இருந்தது. அதையும் எடுத்தாள். அதற்குப் பிறகுதான் ஸல்ஹா ஒரு வாளி பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து அந்தக் கைக்கு ஊற்றினாள்.

"எழுதிக்கோ தம்பி," என்றாள் சுஹைரா நிப்றாஸைப் பார்த்து. "ஒரு மாதிரி திரும்பக் கிடைச்சிட்டு. இன்னும் இருபத்துமூன்று கிலோ வரக் கிடக்கு."

நிப்றாஸ் கோவையை மூடிக் கக்கத்தில் வைத்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினான். பானையின் ஒரு பக்கத்துக்குப் பழந்துணியைச் சுற்றிப் பிடித்தான். மற்றப் பக்கத்தைச் சுஹைரா பிடித்தாள். பணிப்பாளர் இரண்டு பேருக்கும் நடுவில், நனைந்த கையை உதறியபடி நின்றார்.

"தள்ளி நில்லுங்க சேர்," என்றாள் அவள். "புள்ளையள் பசியில இருக்குதுகள். கஞ்சி வடிக்கோணும்."